சின்னவ விடை சொல்ல மாட்டா

பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு எங்க சின்னவளைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தரணும்னு ஹெச்.எம். என்கிட்டதான் கேட்டாங்க. "ஒரே வீட்டுல இருக்கீங்க, ஒரே பாடம் எடுக்கிறீங்க. உங்களைவிட அவங்களை யாருக்கு நல்லாத் தெரியும்?" அப்படின்னாங்க. எழுதிக் கொடுத்தேன். புன்னகை மாறாத முகம், மாணவர் மனம் கவர்ந்த ஆசிரியை, மலருக்கு என்னென்ன வேணுமோ எல்லாம் அதுல இருக்கு. படிச்சுட்டு ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. இது அது இல்லை. இது நடந்தது.

முதல்லயே சொல்லிடறேன். எனக்கு அவளைப் பார்த்தா பொறாமை. பட்டும் படாம இல்லை, நல்லா வயிறு எரியிற பொறாமை. நெஞ்செரிச்சலுக்கு நான் மாத்திரை போடறதைப் பார்த்தா என் வீட்டுக்காரர், "டீச்சரம்மா, இது மாத்திரையில தீராது, என் தம்பி வேற வீடு பார்த்துக்கிட்டுப் போனாத்தான் தீரும்"னு சொல்லுவார். அந்த மனுஷனுக்கு எல்லாமே சிரிப்புதான்.

சின்னவ யாருன்னா, என் ஓரகத்தி. அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல அண்ணனைக் கட்டினவ நான், தம்பியைக் கட்டினவ அவ. கீழ் வீடு எங்களுது, மாடி அவங்களுது. பள்ளிக்கூடத்துல ஏழாவது 'ஏ' எனக்கு, 'பி' அவளுக்கு. ஒரு பெரிய ஹாலை நடுவுல ப்ளைவுட் வச்சுத் தடுத்து ரெண்டு வகுப்பாக்கி வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் ஒருத்தன் தும்மினா இந்தப் பக்கம் நாங்க திரும்பிப் பார்ப்போம். கணக்குப் பீரியட் வேற ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல. இங்க நான், "இருபுறமும் மூன்றால் வகுக்க"ன்னு போர்டுல எழுதிக்கிட்டிருப்பேன், அங்க இருந்து கொல்லுனு சிரிப்புச் சத்தம் வரும். கணக்குப் பீரியட்ல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? என் பசங்க கண்ணு போர்டுல இருக்கும், காது தடுப்புல இருக்கும். எனக்குத் தெரியாதா? எனக்கே அப்படித்தானே.

அப்படிக் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்கள்ல ஒருத்தி என் சொந்தப் பொண்ணு.

வீட்டுல அவளை வாண்டுன்னு கூப்பிடுவோம். ஒரே பொண்ணு. என் வகுப்புலயே இருக்கட்டும்னு நான்தான் சொல்லிச் சேர்த்தேன். பெத்தவளே டீச்சர், கொடுத்து வச்சவன்னு பார்க்கிறவங்க எல்லாம் சொன்னாங்க. வகுப்புல என்னை மிஸ்ஸுன்னுதான் கூப்பிடணும், அது எங்களுக்குள்ள பேசி வச்சது. ஒரு தடவை வாய் தவறி "அம்மா"ன்னுட்டா, வகுப்பே சிரிச்சுது. அன்னையிலிருந்து அவ வகுப்புல வாயே திறக்கிறதில்லை. கொடுத்த கணக்கைப் போடுவா, கொண்டுவந்து நீட்டுவா, போயிடுவா.

பசங்க எனக்கு வச்சிருக்கிற பேரு ஸ்டெப் மிஸ். எவன் எதைப் போட்டுக்கிட்டு வந்தாலும் "ஸ்டெப் எங்கே?"ன்னு கேட்பேனாம். ஆமா, கேட்பேன். ஸ்டெப் இல்லாத விடை படி இல்லாத மாடி. சின்னவளுக்கு வச்சிருக்கிற பேரு புதிர் மிஸ். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நீங்களே சொல்லுங்க, எதுல ஒரு செல்லம் இருக்கு?

இத்தனைக்கும் அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததே நான். அவங்கப்பா வீடுகளுக்கு டைல்ஸ் போடறவர். சின்ன வயசுல வேலை நடக்கிற வீடுகள்ல வெட்டிப் போட்ட துண்டுகளை அடுக்கி விளையாடி வளர்ந்தவ, இன்னும் ஒரு பை நிறைய அந்தத் துண்டுகளை வச்சிருக்கா. கல்யாணம் ஆகி வந்தப்போ ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை. தினமும் காலையில நான் பையை மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பறதை மாடிப்படியில நின்னு பார்ப்பா. ஒரு நாள் இறங்கி வந்து, "அக்கா, நானும் படிச்சு டீச்சராகட்டுமா? சொல்லிக் கொடுப்பீங்களா?"ன்னு கேட்டா. தபால்ல படிச்சா. என் சாப்பாட்டு மேஜையிலதான் உட்கார்ந்து படிச்சா. ஒரு கணக்கை எடுத்தா பென்சிலைக் கடிச்சுக்கிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே இருப்பா. எனக்குப் பொறுமை ஏது? பென்சிலைப் பிடுங்கி நானே போட்டுக் காட்டிடுவேன். எப்படியோ பாஸ் பண்ணினா. ஹெச்.எம்.கிட்ட பேசி வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். வளர்த்த கடா மார்ல பாயும்னு சொல்லுவாங்க. இது பாயக்கூட இல்லை, பக்கத்து அறையில உட்கார்ந்து சிரிச்சுது.

வந்த முதல் நாளே, "இந்த வகுப்புல இருக்கிற எல்லாரும் எல்லார்கிட்டயும் ஒரு தடவை கை குலுக்கினா மொத்தம் எத்தனை கைகுலுக்கல்?"னு கேட்டிருக்கா. கேட்டுட்டு, "போட்டுப் பார்க்க வேணாம், குலுக்கிப் பாருங்க"ன்னுட்டா. அவ்வளவுதான். பெஞ்சு பெஞ்சா ஏறி ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிச்சு உலுக்கி, ப்ளைவுட் தடுப்பு ஆடி, என் பக்கம் மாட்டியிருந்த வாய்ப்பாட்டு அட்டை கீழே விழுந்துடுச்சு. ஹெச்.எம். ஓடி வந்தாங்க. இன்னையோட இவ கதை முடிஞ்சுதுன்னு நான் சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பக்கம் ஹெச்.எம். சிரிக்கிற சத்தம் கேட்குது. அவங்களும் யாருக்கோ கை குலுக்கிக்கிட்டிருக்காங்க.

இன்னொரு நாள் ஐஸ் குச்சிகளைக் குவிச்சு வச்சு ஒரு விளையாட்டு. ஒரு தடவைக்கு ஒண்ணு இல்லைன்னா ரெண்டு எடுக்கலாம், கடைசிக் குச்சி யார் கையில வருதோ அவங்க தோத்தாங்க. பின் பெஞ்சுல எப்பவும் தூங்கி வழியறவன் ஒருத்தன் அவளைத் தோற்கடிச்சுட்டான். வகுப்பே கை தட்டுது. டீச்சர் தோத்ததுக்குக் கைதட்டல்! இத்தனை வருஷமா போர்டுல ஒரு கணக்குகூடத் தப்பாப் போடாம நிக்கிறேன், எனக்கு எவனாவது ஒரு தட்டு தட்டியிருப்பானா?

ஆனா இதையெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டேன். தாங்க முடியாதது வராந்தா போர்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதுல ஒரு புதிர் எழுதிப் போட்டுட்டுப் போயிடுவா. எந்த வகுப்புப் பிள்ளையும் யோசிக்கலாம். திங்கக்கிழமை காலையில, கண்டுபிடிச்சவங்க எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லணும். ஒருத்தரும் கண்டுபிடிக்கலைன்னா? அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும். சின்னவ விடை சொல்ல மாட்டா. பசங்க காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் பின் பெஞ்சுல போய் உட்கார்ந்து, ரெண்டு கையையும் மோவாய்க்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு, "அப்படியா? அப்புறம்?"னு கேட்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டா. நான் அந்த வராந்தாவைத் தாண்டி ஸ்டாஃப் ரூமுக்குப் போகணும். விடை எனக்குப் பார்த்த உடனே தெரியும். எழுதாம தாண்டிப் போறதுக்குள்ள கை நமநமன்னு வரும். பாதியில நிக்கிற கணக்கைப் பார்த்துட்டு நிம்மதியா டீ குடிக்க என்னால முடியாது.

அரையாண்டுத் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, நான் துணி மடிச்சுக்கிட்டிருக்கேன், வாண்டு வந்து பக்கத்துல நின்னா.

"அம்மா, அரையாண்டு லீவு முடிஞ்சதும் நான் 'பி'க்குப் போகட்டுமா?"

"எதுக்கு? 'ஏ'க்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் எல்லாம் இல்லை. சித்தி வகுப்புல உட்காரணும் போல இருக்கு."

தேள் கொட்டின மாதிரி இருந்துது எனக்கு. யாரோ பெத்த பிள்ளை அவகிட்ட ஓடினா சரி, போகட்டும். நான் பெத்தது? லீவு முடிஞ்சு செக்ஷன் மாத்தறது எங்க பள்ளிக்கூடத்துல உண்டுதான். பெத்தவங்க வந்து கேட்டா ஹெச்.எம். சரின்னுடுவாங்க. ஆனா நான் போய்க் கேட்கணும். என் பொண்ணுக்கு நான் எடுக்கிற கணக்கு வேணாமாம், அவ எடுக்கிறது வேணுமாம்னு என் வாயால சொல்லணும்.

"பார்க்கலாம், முதல்ல பரீட்சையை எழுது"ன்னு சொன்னேன். அவ தலையாட்டிட்டுப் போயிட்டா. என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாடி இருந்து, "மாடிக்கும் கீழுக்கும் ஒரே ரத்தம்தானே, போகட்டுமே"ன்னார். "நீங்க பேசாம பேப்பரைப் படிங்க"ன்னேன். பரீட்சை முடியறதுக்குள்ள இவளை என் பக்கம் இழுத்துடணும்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

என்ன பெரிய புதிர்? எனக்குத் தெரியாத புதிரா? மறுநாளே வகுப்புல ஒண்ணு போட்டேன். ஒரு பெட்டியில கருப்பு சாக்ஸும் வெள்ளை சாக்ஸும் கலந்து கிடக்கு, விளக்கு இல்லை. ஒரே நிற ஜோடி நிச்சயமா கிடைக்கணும்னா குறைஞ்சது எத்தனை எடுக்கணும்?

வகுப்பு என்னையே பார்க்குது. முன் பெஞ்சுக்காரி கையைத் தூக்கினா. "மிஸ், இது எத்தனை மார்க்?"

"மார்க் இல்லை. சும்மாதான்."

"சும்மாவா?" அவளுக்கு நம்பிக்கை வரலை. பக்கத்துல இருக்கிறவகிட்ட, "ஏதோ டெஸ்ட்டுடி, எழுதிக்கோ"ன்னு கிசுகிசுத்தா. இன்னொருத்தன், "மிஸ், சாக்ஸ் துவைச்சதா துவைக்காததா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் ஒரு நொடி குளுகுளுன்னு இருந்துது, என் வகுப்புலயும் சிரிப்பு. ஆனா வாய் சும்மா இருக்குமா? "அதிகப்பிரசங்கி, உட்காரு"ன்னுட்டேன். அதோட அமைதி. யோசிக்கிறாங்க. யோசிக்கட்டும்னுதான் நானும் நின்னேன். பின் பெஞ்சுக்குப் போய் உட்காரணும்னு நினைச்சுத்தான் நின்னேன். ஆனா ஒரு வகுப்பு முழுக்கக் கணக்கு முடியாம உட்கார்ந்திருக்கு, என் கையில சாக்பீஸ் இருக்கு. ஜன்னலோரம் ஒரு பொண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. அதுக்குள்ள முந்திரிக்கொட்டை மாதிரி நான் திரும்பி, "முதலில் எடுப்பது கருப்பு என்க"ன்னு ஆரம்பிச்சு, ஸ்டெப் ஸ்டெப்பா எழுதி, கீழே "விடை: மூன்று"ன்னு கோடும் போட்டுட்டேன். "எல்லாரும் எழுதிக்கோங்க." எழுதிக்கிட்டாங்க. வாண்டு குனிஞ்ச தலை நிமிராம எழுதினா. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதைதான். அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வராந்தாவுல தரைப் புதிர் வந்துது. ஒரு அறை, ஆறுக்கு ஆறு கட்டம். குறுக்கா எதிரெதிரா இருக்கிற ரெண்டு மூலைக் கட்டத்துலயும் தூண் நிக்குது. மீதித் தரை முழுக்க, ரெண்டு கட்டம் நீளமுள்ள டைலா ஒட்டணும். உடைக்கக் கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. ஒட்டிக் காட்டுங்க.

வாண்டு மாடிக்குப் போய் சித்தி பையிலிருந்து டைல் துண்டுகளை வாங்கிட்டு வந்தா. எங்க வீட்டுப் பின்கட்டுல துணி காயப் போடற இடத்துல, சிமெண்ட் தரையில சாக்பீஸால கட்டம் போட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா. வைக்கிறா, எடுக்கிறா, வைக்கிறா, எடுக்கிறா. கடைசியில எப்பவும் ரெண்டு கட்டம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம தனித்தனியா மிஞ்சுது. அந்தத் திங்கக்கிழமை யாரும் சொல்லலை. புதிர் அப்படியே கிடந்துது. அவளும் விடலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பையைத் தூக்கிப் போட்டுட்டு நேரா அங்கதான். "தரையைக் கழுவாதேம்மா, அழிஞ்சுடும்"னு எனக்கு உத்தரவு வேற. நான் வாளியைத் தூக்கிக்கிட்டு அந்தக் கட்டத்தைத் தாண்டித் தாண்டித் துணி காயப் போட்டேன்.

எனக்கு முதல் பார்வையிலயே தெரியும், அது நடக்காத காரியம்னு. சின்னவ வேணும்னே நடக்காததைக் கொடுத்திருக்கா. நடக்காதுன்னு சொல்றதும், ஏன் நடக்காதுன்னு சொல்றதும்தான் விடை. ஒரு வாரம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன், என்னை நானே மெச்சிக்கணும். அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆச்சு. நாளைக்குத் திங்கக்கிழமை. என் பொண்ணு, 'ஏ' செக்ஷன் பொண்ணு, ஸ்டெப் மிஸ்ஸோட பொண்ணு, அத்தனை பேர் முன்னாடி நின்னு புதிர் மிஸ்ஸோட புதிரை ஸ்டெப் ஸ்டெப்பா உடைச்சுக் காட்டினா எப்படி இருக்கும்? அந்த ஆசை வந்ததுக்கப்புறம் என்னால நிக்க முடியலை. வாளியைக் கீழே வச்சேன்.

"இது நடக்காதுடி. நகரு." சாக்பீஸை எடுத்து ஒண்ணு விட்டு ஒரு கட்டத்துல கோடு கோடா இழுத்து நிரப்பினேன். "இதோ பாரு, இதெல்லாம் கருப்புன்னு வச்சுக்கோ, மத்ததெல்லாம் வெள்ளை. ஒரு டைல் எப்படி வச்சாலும் ஒரு கருப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். தூண் நிக்கிற ரெண்டு மூலையும் ஒரே நிறம். அப்போ ஒரு நிறம் ரெண்டு கூட இருக்கு, இன்னொரு நிறம் பத்தலை. எத்தனை ஜென்மம் எடுத்தாலும் ஒட்டாது. புரிஞ்சுதா?"

அவ தரையையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் மெதுவா, "புரிஞ்சுது மிஸ்"னு சொன்னா.

வீட்டுல. பின்கட்டுல. என்னைப் பார்த்து மிஸ்ஸுன்னா.

அவ கிண்டலுக்குச் சொல்லலை. தானா வந்துடுச்சு. டைல் துண்டுகளை ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் பையில போட்டு உள்ளே போயிட்டா. இனி எதுக்கு இந்தக் கட்டம்னு நான் வாளித் தண்ணியை ஊத்தித் தரையைத் தேய்ச்சேன். சாக்பீஸ் எல்லாம் போயிடுச்சு. அடியில சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளி இருந்துது. மெழுகுக் க்ரேயான், தண்ணிக்குப் போகலை. ஒண்ணு விட்டு ஒரு கட்டம், ஒண்ணு விட்டு ஒரு கட்டம், பாதித் தரை வரைக்கும் வச்சிருந்தா. நான் சொல்ல வந்ததை அவளே பாதிக்கு மேல கண்டுபிடிச்சிருந்தா. அது மேலதான் நான் சாக்பீஸால கோடு இழுத்திருக்கேன்.

மறுநாள் காலையில வராந்தாவுல அவ கை தூக்கலை. தூக்கச் சொல்லி நான் கண்ணைக் காட்டினேன், அவ வேற பக்கம் பார்த்துக்கிட்டா. "அது என்னோடது இல்லையே"ன்னு மட்டும் வீட்டுக்கு வந்து சொன்னா.

எனக்குக் கோபம் யார் மேல வந்திருக்கணும்? என் மேலதான். ஆனா வந்தது சின்னவ மேல. இவ வராம இருந்திருந்தா, இந்தப் புதிரும் பையும் இல்லாம இருந்திருந்தா, என் பொண்ணு என் வகுப்புல பேசாம இருந்திருப்பா, நானும் அதை நல்லபிள்ளைத்தனம்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். சாயங்காலம் விறுவிறுன்னு மாடி ஏறினேன். அவ தரையில உட்கார்ந்து டைல் துண்டுகளைத் துடைச்சு அடுக்கிக்கிட்டிருந்தா.

"வாங்கக்கா."

"வரலை. சொல்லிட்டுப் போக வந்தேன். என் பொண்ணை நீயே வச்சுக்கோ. மயக்கிட்டேல்ல, சந்தோஷமா இரு."

"என்னக்கா இது." துணியைக் கீழே போட்டுட்டு எழுந்தா. அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. உனக்குன்னு ஒண்ணு இருந்தாத் தெரியும்னு ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துது. கடிச்சு முழுங்கிட்டேன். பொறாமைக்காரிதான், ஆனா பாவி இல்லை.

"அவ என்கிட்ட எதுக்கு வர்றான்னு தெரியுமாக்கா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? விளையாட்டுக்கு. சிரிப்புக்கு. நான் சிரிக்க வைக்கிறதில்லையே."

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போர்டுல எழுதி முடிச்சதும் முதல் ஆளா வந்து நிப்பா. ஒரே கேள்விதான் கேட்பா. 'சித்தி, இது எங்கம்மாவுக்குத் தெரியாததா?'"

இறங்கத் திரும்பினவ மறுபடி அவ பக்கம் திரும்பினேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியாத கணக்கு என்கிட்ட ஏதுடி, எனக்கே உங்கம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்கம்பேன். முகம் தொங்கிப் போயிடும். உங்களுக்குத் தெரியாத ஒண்ணை அவ கண்டுபிடிச்சு உங்களுக்குச் சொல்லணுமாம். ஒரே ஒரு தடவை. அதுக்குத்தான் என் வகுப்புல உட்காரணுமாம், சீக்கிரம் கத்துக்கலாமாம்." ஒரு டைல் துண்டை எடுத்துப் பையில போட்டா. "இந்தத் தரைப் புதிருக்கு மட்டும் பொய் சொல்லிட்டேன்க்கா. அம்மாவுக்குத் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்னேன். நீங்களும் ஒரு வாரமா வாளியைத் தூக்கிக்கிட்டு அதைத் தாண்டித் தாண்டிப் போனீங்களாம், ஒண்ணும் சொல்லலையாம். நிஜமாவே தெரியாது சித்தின்னு தினமும் ஓடி வந்து சொல்லிட்டுப் போவா."

மாடிப்படியிலயே உட்கார்ந்துட்டேன். என் பொண்ணு ஒரு வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்தது எனக்காக. அதை நானே வாளியை வச்சுட்டுப் போய் அழிச்சிருக்கேன். சரி, அழுகை வந்துது, மறைக்க என்ன இருக்கு. ஆனா அழும்போதும் ஒண்ணு குத்திக்கிட்டே இருந்துது. அத்தனை வெள்ளிக்கிழமையும் அந்தக் கேள்வியை அவ கேட்டது இவகிட்ட. என்னைப் பத்தின கேள்வி, இவகிட்ட.

சின்னவ என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. எதையாவது கேட்கணுமேன்னு, "நீ ஏன்டி விடையே சொல்ல மாட்டேங்கிற?"ன்னு கேட்டேன்.

"உங்க வேகம் எனக்கு எங்கக்கா வரும்? பாதி நாள் பசங்க கண்டுபிடிச்சுச் சொல்ற வரைக்கும் எனக்கே தெரியாது."

கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்த எனக்கு அதைக் கேட்டதும் உள்ளுக்குள்ள ஒரு அல்ப சந்தோஷம் வந்துது. வந்துதுன்னா வந்துதுதான்.

லீவு முடிஞ்சதும் நானே ஹெச்.எம். அறைக்குப் போனேன். "என்ன மிஸ், சொந்தப் பொண்ணையே அந்தப் பக்கம் அனுப்பறீங்க?"ன்னு அவங்க கண்ணாடிக்கு மேலால பார்த்தாங்க. "அந்தப் பக்கம் காத்து நல்லா வருது"ன்னேன். வாண்டு பையைத் தூக்கிக்கிட்டு ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா. அவ உட்கார்ந்திருந்த இடத்துல சாக்ஸ் துவைச்சதான்னு கேட்டவனை உட்கார வச்சேன்.

இப்பவும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வருது. இப்போ அதுல ஒரு சிரிப்பு எனக்குத் தனியாத் தெரியும். அவ என் வகுப்புல சிரிச்சு நான் கேட்டதே இல்லை. போர்டுல எழுதற கை அப்படியே நின்னுடும். "மிஸ், ஸ்டெப் பாதியில நிக்குது"ன்னு பசங்க எனக்கே சொல்லுவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை பின்கட்டுல துணி உதறிக்கிட்டிருந்தேன். சிவப்புப் புள்ளி எல்லாம் அப்படியே இருக்கு, பாதியில நின்ன தரை முழுக்க இப்போ புள்ளி வச்சிருக்கா. டைல் பையோட வந்து உட்கார்ந்தா.

"அம்மா, ரெண்டு தூணும் ஒரே நிறத்துல நின்னா முடியாது. சரி. ஒரு தூண் கருப்புல, ஒரு தூண் வெள்ளையில நின்னா? எந்த இடத்துல நின்னாலும் தரையை ஒட்டிட முடியுமா?"

"முடியும். ரெண்டு நிறமும் சமமா இருக்கே."

"சமமா இருந்தாப் போதுமா? சமமா இருந்தும் நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டா?"

வாயைத் திறந்தேன். சமமா இல்லைன்னா முடியாது, அது எனக்குத் தெரியும். சமமா இருந்தா எப்பவும் முடியும்னு எதை வச்சுச் சொல்றது? முதல் ஸ்டெப் என்ன? தேடினேன். இல்லை.

"இது சித்தி கொடுத்ததா?"

"இல்லை. நானா யோசிச்சேன்."

"தெரியலடி"ன்னேன்.

அவ கண்ணு என் முகத்தை விட்டு நகரலை. "நிஜமாவா? இல்லை, எனக்காகச் சும்மா சொல்றியா?"

"நிஜமாத்தான். எனக்குத் தெரியலை."

அடுத்த நொடி அவ அங்க இல்லை. மாடிப்படியில தடதடன்னு ஓடற சத்தம். "சித்தி, அம்மாவுக்குத் தெரியலையாம்!" பாருங்க, இந்தச் சந்தோஷத்தையும் முதல்ல கொண்டுபோய் அங்கதான் கொட்டறா. மேல ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறது எனக்குக் கேட்டுது. பிழிஞ்ச துணியையே மறுபடி பிழிஞ்சேன்.

ஆனா இறங்கி வந்துட்டா. வந்து என் எதிர்ல உட்கார்ந்து, "நான் கண்டுபிடிச்சுட்டேன். சொல்லட்டுமா?"ன்னு கேட்டா.

"சொன்னே, முதுகுல ஒண்ணு வைப்பேன்"னேன்.

அவ சிரிச்சுட்டு, ரெண்டு கையையும் மோவாய்க்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா. அச்சு அசல் சின்னவ பின் பெஞ்சுல உட்கார்ற மாதிரியே. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஈரத் துணியை வாளியில போட்டுட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் டைலை எடுத்து வச்சேன்.